சோடியைப் பிரிக்காதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மூத்தவன் ஒரு கடதாசிப் பெட்டியோடு வந்து குசினி மேசையில் வைத்தான். அவன் ஓடித் திரிகிற 125 சிசி ஹொண்டாவின் பின்பக்க சொக் இரண்டும் எண்ணெய் கக்கத் தொடங்கிக் கனநாள். புதுசு வாங்கக் காசு கூட என்று, வேறொரு மொடலில் இருந்து கழற்றிய பழைய சோடி ஒன்றை இணையத்தில் மலிவாக வாங்கியிருக்கிறான்.

"கண்ணுக்குக் கண் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"என்ன கண்?"

மேலே பூட்டுகிற ஓட்டையின் நடுவில் இருந்து கீழே பூட்டுகிற ஓட்டையின் நடு வரைக்குமான நீளம். அதைத்தான் நாங்கள் கண்ணுக்குக் கண் என்போம். முப்பது வருசத்துக்கு மேலாக வாயில் வராத ஒரு வார்த்தை, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நிற்கையில் தானாக வந்து விழுந்தது. மனிசி திரும்பிப் பார்த்தா. நான் ஒரு காலத்தில் கராச்சில் நின்றவன் என்பது அவவுக்குத் தெரியும். ஏன் அந்தத் தொழிலை விட்டேன் என்பது தெரியாது.

சரி, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் காலத்தைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத் தடையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஜாம் போத்தில் விளக்கு, சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்டது, சவர்க்காரம் இல்லாமல் பனங்காய்க் களியில் தோய்த்தது எல்லாம் நீங்களும் வாசித்திருப்பீர்கள், பலர் அனுபவித்தும் இருப்பீர்கள். நான் எழுத நினைப்பது அதற்குள் இருந்த ஒரு சின்ன விசயம். ஒரு மோட்டார் சைக்கிளின் சொக்கைக் கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டுவது. இதெல்லாம் ஒரு சரித்திரமா என்று கேட்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், கோபம் இல்லை.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு பெற்றோல், டீசல், பற்றி, சீமெந்து, பசளை என்று தடைப்பட்டவற்றின் வரிசை நீண்டது. வாகன உதிரிப்பாகங்களும் அதில் அடக்கம். மின்சாரம் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடியது. பிறகு கிளாலிக் கடல்தான் வழி. வள்ளத்தில் இரவோடு இரவாக ஏறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போய், வன்னிக்குள்ளால் தாண்டிக்குளம் வரைக்கும் போய் வவுனியாவைப் பார்க்க வேண்டும். அந்த வழியால் ஒருவர் மருந்து கொண்டுவருவாரா, சொக் கொண்டுவருவாரா?

ஆனால் குடாநாடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான். ஒரு சின்னப் போத்திலில் பெற்றோல் வைத்திருப்போம். அதில் சில துளியைக் காபரேற்றருக்குக் காட்டி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடாகியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் தட்டும் என்று ஹெட்டுக்குக் கீழே இன்னொரு கஸ்கற் போட்டு அமுக்கத்தைக் குறைப்போம். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, தலையிடி தருகிற மணத்தோடு வண்டி போகும்.

எங்களூரில் அப்போது இருந்தவை பெரும்பாலும் ஹொண்டாக்கள். 1958 இல் ஜப்பானில் வெளிவந்த சுப்பர் கப் வழியில் வந்த 50, 70, 90. சின்னச் சில்லு வைத்த சாலி. ஜப்பான் தபாற்காரருக்காகச் செய்யப்பட்டு, பாவித்த வண்டியாக இலங்கைக்கு வந்து சேர்ந்த எம்.டி. 90. வசதியான ஆட்களிடமும் இயக்கத்திடமும் சீ.டி. 200, அது இரண்டு சிலிண்டர் வண்டி, சத்தமே தனி. எஞ்சினைச் சமாளிக்கலாம். பிஸ்ரன் றிங்கைக் கூட லேத்தில் கடைந்து போட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் குண்டுக் குழிகளும் உடைந்த தாருமாக இருந்த அந்த றோட்டுகளில், ஆள் மூன்று, அரிசி மூடை ஒன்று, முன்னுக்கு ஒரு குழந்தை என்று ஏற்றி ஓடினால் முதலில் சாவது பின்பக்க சொக்தான்.

எனக்கு அப்போது பதினாறு வயது. ஓ.எல். சோதனை எழுதிவிட்டுக் கோண்டாவிலில் ஒரு கராச்சில் நின்றேன். உரிமையாளரை எல்லாரும் மாஸ்ரர் என்றே கூப்பிடுவார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் இல்லை, ஆனால் படிப்பித்தபடியேதான் இருப்பார். பூவரச மரத்துக்குக் கீழே கிடுகுக் கொட்டில், சுவரில் ஆணி ஆணியாக அடித்து அதில் சோடி சோடியாகக் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட பழைய சொக்குகள். செத்த வண்டிகளில் கழற்றியவை. செல் விழுந்து எரிந்த வண்டிகளிலும் கழற்றியிருக்கிறோம்.

யாராவது வந்து "மாஸ்ரர், சொக் போட்டுது" என்றால் அவர் முதலில் வண்டியைப் பார்க்கமாட்டார், ஆளைப் பார்ப்பார்.

"என்ன ஏத்துறனீர்?"

அதுதான் முதல் கேள்வி. தனிய ஓடுகிறவனுக்குப் பெரிய வண்டியின் சொக்கைப் போட்டால் ஒவ்வொரு குழியிலும் முதுகெலும்பில் இடிக்கும். மூடை ஏற்றுகிறவனுக்குச் சின்ன வண்டியின் சொக்கைப் போட்டால் ரயர் மட்காட்டில் தேயும். பிறகுதான் பழைய சொக்கைக் கழற்றி அளப்பார். தையற்காரரின் நாடாதான் அவருடைய அளவுகோல்.

நீளம் அரை இஞ்சி கூடினால் என்ன என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் ஒரு வண்டியைக் காட்டினார். பின்பக்கம் உயர்ந்தால் முன்பக்க ஃபோக் நிமிரும். நிமிர்ந்தால் ஹான்டில் சட்டென்று திரும்பும், வேகத்தில் நடுங்கும். நடு ஸ்ரான்டில் விட்டால் பின்சில்லு நிலத்தை விட்டு எழும்பாது. செயினின் இழுவையும் மாறும். குறைந்தாலோ வண்டி பின்னுக்குக் குந்தும், பாரம் ஏற ஏற முன்சில்லு இலேசாகும். ஒரு அரை இஞ்சியில் இவ்வளவும் இருக்கிறது.

நீளம் சரியாக வந்தாலும் அவர் விடமாட்டார். ஸ்பிறிங்கைக் கழற்றிவிட்டு வெறும் தண்டை மட்டும் வண்டியில் பூட்டச் சொல்வார். பிறகு நானும் இன்னொரு பெடியனும் சீற்றில் ஏறிக் குந்தி, அது முழுக்க அமுங்கும் வரைக்கும் அழுத்துவோம். மாஸ்ரர் குனிந்து, ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் விரல் போகிறதா என்று பார்ப்பார். விரல் போகாவிட்டால் அந்தச் சோடி திரும்ப ஆணிக்குப் போய்விடும். வேறு யாரும் இப்படிப் பார்த்ததை நான் காணவில்லை. இன்றைக்கும் யாராவது சொக் மாற்றுகிறீர்கள் என்றால் இதைச் செய்து பாருங்கள், ஒரு சதமும் செலவில்லை.

ஸ்பிறிங்கைப் பற்றி அவர் சொன்னவை எனக்கு அப்போது மந்திரம் மாதிரி இருந்தன. கம்பியின் மொத்தத்தில்தான் விசயம் என்பார். சுற்றும் அகலமும் ஒன்றாக இருந்து 7 மில்லிமீற்றர்க் கம்பிக்குப் பதில் 8 மில்லிமீற்றர்க் கம்பி என்றால், விறைப்பு ஏறக்குறைய 70 வீதம் கூடும். அவருக்கு வீதம் தெரியாது. "ஒரு நெல்லுக் கூடினால் ஒண்டரை மடங்கு" என்றுதான் சொல்வார். நான் பிறகு இங்கே ஒரு மாலை வகுப்பில் சூத்திரத்தைப் படித்து, கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனிதன் கிட்டத்தட்டச் சரி. நீளமான ஸ்பிறிங்கைக் கட்டையாக்க ஒரு சுற்றை வெட்டினால் அது இளகும் என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் இன்னும் விறைக்கும், அசைகிற கம்பி குறைந்துவிடுகிறதல்லவா. வெட்டிக்கொண்டு வந்தவர்களை மாஸ்ரர் திட்டி அனுப்புவார்.

எண்ணெய்தான் பெரிய பிரச்சினை. சொக்குக்குள் இருக்கிற மெல்லிய எண்ணெய் யாழ்ப்பாணத்தில் கிடைக்காது. எஞ்சின் எண்ணெய் விட்டால் தடிப்பு, சொக் கட்டை மாதிரி நிற்கும். மாஸ்ரர் எஞ்சின் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து, ஒரு போத்தில் மூடியில் விட்டுச் சரித்துப் பார்த்து, ஓடுகிற வேகத்தைக் கண்ணால் மட்டிடுவார். பிறகு சின்னத் துளையால் விட்டு, துளையைத் திருகாணியால் அடைப்பார். ஒன்றரை மாதம் தாங்கும். பிறகு மண்ணெண்ணெய் சீலைத் தின்றுவிடும், திரும்ப வருவார்கள். புஷ்சுக்கு லொறி ரயரை வட்டமாக வெட்டி நடுவில் துளைப்போம்.

நீளமும் விரலும் எல்லாம் சரி, ஆனால் ஸ்பிறிங் கொஞ்சம் விறைப்பு என்றால் அவரிடம் இன்னொரு வித்தை இருந்தது. மேல்முனையைப் பூட்டுகிற இடத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, சொக்கைச் சாய்ப்பது. சாய்ந்தால் இளகும், நிமிர்ந்தால் விறைக்கும். இதற்கென்று ஓட்டை ஓட்டையாகத் துளைத்த ஒரு தகடு செய்து வைத்திருந்தார். இது மாஸ்ரர் கண்டுபிடித்தது என்றுதான் பல வருசம் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை உடைந்தது லண்டனில். நாங்கள் இருப்பது வெம்பிளிப் பக்கம். ஸ்ரோன்பிறிட்ஜில் ஏஸ் கஃபே என்று ஒன்று இருக்கிறது, 1938 இல் திறந்து, 1969 இல் மூடி, 2001 இல் திரும்பத் திறந்தது. பழைய மோட்டார் சைக்கிள்காரர் கூடுகிற இடம். வேலை முடிந்து வருகிற வழியில் சில ஞாயிறுகளில் போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வண்டிகளைப் பார்ப்பேன். தமிழ் ஆட்கள் அங்கே குறைவு. ஒருநாள் ஒரு வயோதிபர் தன் வெலோசெற்றைத் துடைத்துக்கொண்டு நின்றார், 1950களின் வண்டி. பின்பக்க சொக்கின் மேல்முனை ஒரு வளைந்த வெட்டுக்குள் நின்றது. தளர்த்தி முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஆள் ஏறினால் நிமிர்த்து, தனிய ஓடினால் சாய். கோப்பி ஆறும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். மாஸ்ரர் வெலோசெற்றைக் கண்டிருப்பாரா? கண்டிருக்கலாம், அந்தக் காலத்தில் இங்கிலாந்து வண்டிகள் எங்களூரிலும் ஓடின. அல்லது தேவை ஒன்றாக இருந்தால் யோசனையும் ஒன்றாக வருமோ தெரியாது.

அந்த மனிதரிடம் எங்கள் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, நீங்கள் செய்ததைத்தான் பெல்ஃபாஸ்ற்காரன் ஒருவனும் செய்தான் என்றார். றெக்ஸ் மக்கன்ட்லஸ். வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். இரண்டாம் உலகப்போர்க் காலம். அதுவரைக்கும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்பக்கம் சொக் என்று ஒன்றில்லை. பின்சில்லு சட்டத்தோடு விறைப்பாகப் பூட்டியிருக்கும், சீற்றுக்குக் கீழே இருக்கிற ஸ்பிறிங்தான் ஆளைக் காப்பாற்றும். சில கொம்பனிகள் சில்லின் அச்சை மேலும் கீழும் ஒரு சின்னக் குழாய்க்குள் ஓடவிட்டன, அது கொஞ்ச அசைவுதான். மக்கன்ட்லஸ் தன் தம்பியோடு சேர்ந்து அரசாங்க வாகனங்களைத் திருத்துகிற தொழில் செய்துகொண்டு, 1944 இல் தனக்கென்று ஒரு வண்டி கட்டினார். பின்சில்லை ஒரு ஆடுகிற கையில் பூட்டி, அந்தக் கையை இரண்டு சொக்கில் தாங்கவிட்டார். அந்தச் சொக்குகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஒரு சித்ரோயன் காரில் இருந்து!

பிறகு சகோதரர்கள் இருவரும் சொக் இல்லாத வண்டிகளுக்கு அதே அமைப்பைப் பூட்டிக் கொடுத்தார்கள். நோட்டன் கொம்பனி அவர்களைப் பிடித்தது. அவர்கள் செய்த சட்டம் 1950 இல் ஐல் ஒஃப் மான் பந்தயத்துக்கு வந்தது. அந்த வருசம் ஜூனியர், சீனியர் இரண்டிலும் முதல் மூன்று இடமும் நோட்டனுக்கு. ஓட்டிய ஹரல்ட் டானியல் இறகு மெத்தையில் இருப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லப்போய் அந்தச் சட்டத்துக்கு 'ஃபெதர்பெட்' என்றே பெயர் வந்துவிட்டது. எம்.டி. 90 இல் இருந்ததும் இதே குடும்பத்து அமைப்புத்தான், ஆடுகிற கையும் இரண்டு பக்கமும் இரண்டு சொக்கும். ஒரு போர்க்காலத் திருத்துகூடத்தில் காரில் கழற்றிப் பூட்டியதைப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மாஸ்ரருடைய தகட்டை எங்கே எழுதினோம்? பெற்றோல் ஸெட் கவுண்டரில் இரவு வேலை நேரங்களில் இதை நினைத்து எனக்கு எரிச்சல் வரும். எழுத வேண்டிய ஆட்களில் நானும் ஒருவன் என்பது உறைக்கும்போது எரிச்சல் அடங்கிவிடும்.

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

மாஸ்ரரின் சட்டங்களில் முதலாவது, சோடியைப் பிரிக்காதை என்பது. ஒரு பக்கச் சொக் போனாலும் இரண்டையும் கழற்றி, இன்னொரு சோடியைத்தான் போடுவார். 1994 இல் அவர் தாயின் செத்தவீட்டுக்காக வடமராட்சிக்குப் போன கிழமை, கராச்சில் நான் தனிய. பாசையூரில் மீன் எடுத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டு வருகிற ஒரு அண்ணை எம்.டி. 90 ஓடு வந்தார். வலப்பக்கத் தண்டு வளைந்து போயிருந்தது, இடப்பக்கம் நல்லாக இருந்தது. "தம்பி, மூண்டு நாள் தொழிலில்லை. ஒண்டைப் போட்டு விடும். ரண்டுக்கு என்னட்டைக் காசில்லை" என்றார். மூன்று பிள்ளைகள் அவருக்கு. ஆணியில் அளந்து பார்த்தேன். ஒரு சோடி கண்ணுக்குக் கண் அப்படியே பொருந்தியது. வேறு வண்டியின் சொக், கம்பி மொத்தம். அதில் ஒன்றை அவிழ்த்துப் பூட்டினேன். விரல் வைத்துப் பார்த்தேன், போனது. பத்தொன்பது வயது, மாஸ்ரர் இல்லாமலே ஒரு வேலை முடித்த புளுகம் வேறு. காசும் பாதிதான் வாங்கினேன்.

வெறும் வண்டியில் ஓடிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாரம் ஏறும்போதுதான் பிழை வெளிவரும். ஒரு பக்கம் விறைத்து நிற்கும், மற்றப் பக்கம் அமுங்கும். ஆடுகிற கை முறுகும், சில்லு ஒரு பக்கம் சரியும். அவர் மீன் பெட்டியோடு கல்வியங்காட்டுப் பக்கம் ஒரு வளைவில் திரும்பும்போது வண்டி இழுத்து விழுத்தியது. கால் இரண்டு இடத்தில் முறிவு. பெரியாஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தார்.

மாஸ்ரர் வந்து வண்டியைப் பார்த்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் அந்தச் சொக்கைக் கழற்றி, நான் வேலை செய்கிற வாங்குக்கு நேரே ஒரு ஆணி அடித்து அதில் தனிய தொங்கவிட்டார். அண்ணையிடம் என்ன சொன்னார், வண்டியைத் திருத்திய காசு ஆர் குடுத்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போயிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போவம் என்று இருந்தேன்.

1995 ஐப்பசி 30 இரவு ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மழை, நாவற்குழிப் பாலம், இலட்சக்கணக்கில் சனம். ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம். மாஸ்ரர் தன் சீ.டி. 200 ஐ ஓடவில்லை, தள்ளித்தான் கொண்டு வந்தார். பின்சீற்றில் அவருடைய மாமியார், இரண்டு பக்கமும் மூடை. அந்தச் சொக் அவ்வளவு பாரத்தையும் தாங்கியது. கராச்சில் மற்றதெல்லாம் ஆணியிலேயே இருந்தது. நான் அதற்குப் பிறகு ஸ்பனர் பிடிக்கவில்லை. வன்னி, கொழும்பு, பிறகு 1999 இல் இங்கே.

2003 இல், ஏ9 பாதை திறந்திருந்த காலம், ஊருக்குப் போனேன். கொட்டில் இருந்த இடத்தில் பற்றை. பூவரசு மட்டும் நின்றது. மாஸ்ரர் 2000 ஆம் ஆண்டு வன்னியில் நெஞ்சு வருத்தத்தில் காலமாகிவிட்டார் என்றார்கள். றோட்டெல்லாம் புது இந்திய வண்டிகள், சொக் வேண்டுமென்றால் கடையில் பெட்டியோடு வாங்கலாம். திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். அண்ணை இருந்தார். மீனை விட்டுவிட்டு வெத்திலை வித்துக்கொண்டிருந்தார். எழும்பி நடக்கும்போது ஒரு கால் கட்டை. என்னை அடையாளம் கண்டு, "மாஸ்ரற்றை பெடியனெல்லே?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். காலைப் பற்றி நான் கேட்க முன்னமே அவரே சொன்னார்.

"அந்த றோட்டுப் பிழை தம்பி. ஒரே குழி."

நான் ஓம் என்றேன். வெத்திலை வாங்கினேன், மிச்சக் காசு வாங்கவில்லை, வந்துவிட்டேன். பிறகு ஒரு தடவை போனபோது அவர் இல்லை.

இனி மகனுடைய பெட்டி. நாடா எடுத்து வந்து இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளந்தோம். நீளம் ஒன்று. கம்பி மொத்தமும் ஒன்று மாதிரித்தான் இருந்தது. சுற்றுகளை எண்ணச் சொன்னேன். ஒன்றில் பதினாறு, மற்றதில் பதினைந்து. யாரோ இரண்டு வண்டியில் கழற்றிச் சோடி என்று வித்திருக்கிறான். இந்த நாட்டில் வேறு மொடல் சொக் பூட்டினால் காப்புறுதிக்காரருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் சொன்னேன். அதை அவன் காதில் போடவில்லை.

"ஒரு சுத்துத்தானே அப்பா, என்ன செய்யப் போகுது?"

குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தேன். மீன் அண்ணையின் கதையைச் சொன்னேன். மனிசியும் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றா. முடிந்ததும் அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த ஆளின் பெயர் என்ன என்று கேட்டான். சொன்னேன். இரண்டு சொக்கையும் பழையபடி பெட்டிக்குள் வைத்து ரேப் ஒட்டி, திருப்பி அனுப்ப விலாசம் எழுதத் தொடங்கினான்.